விசித்திரமான வண்டி, உழைக்கிற வண்டி, கைமாறிய வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்க நினைக்கும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பழைய வண்டிகளின் அடியில் படுத்தும், பானெட்டுக்குள் தலையை விட்டும் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் என் அபிப்பிராயங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் யோசித்தே சொல்கிறேன்.

விசித்திரமான கார் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பார்த்தவுடன் "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். அந்தக் கேள்விக்கு வண்டியிடமே ஒரு பதிலும் இருக்க வேண்டும். பதில் இருந்தால் அந்த வண்டியை மனதாரக் கொண்டாடுவேன். கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் விளக்கையும் கதவையும் கோணலாக்கியிருந்தால், இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

1961இல் வந்த ரெனோ 4 காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை இரண்டு பக்கமும் அளவு நாடா வைத்து அளந்தால், வலப்பக்கம் 48 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். முதல் முறை அளந்தபோது நாடா நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே 48. பின் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் காரின் முழு அகலத்துக்கும் குறுக்கே, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று முன்னால், மற்றொன்று சற்றுப் பின்னால் என்பதால் சக்கரங்களும் அப்படியே முன்பின்னாக அமைந்துவிட்டன. இதனால் சக்கரங்களின் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பு உள்ளே மேடு தட்டாமல், பின்பக்கத் தரை முழுக்கச் சமமாகக் கிடைத்தது. மூட்டை ஏற்றுகிறவருக்கு அந்தச் சமதரைதான் வேண்டும். இரண்டு பக்கச் சக்கரமும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அவர் குனிந்து பார்க்கப்போவதில்லை.

சித்ரோயன் 2சிவி காரை ஏன் எல்லாரும் இவ்வளவு புகழ்கிறார்கள்? வெறும் பழைய நினைவுதானே?

பழைய நினைவு மட்டும் ஒரு காரை 42 ஆண்டுகள் உற்பத்தியில் வைத்திருக்காது. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி 1990 வரை அது தயாரானது. நிறுவனத்தை நடத்திய பியர்-ஜூல் புலான்ஜே தன் பொறியாளர்களிடம் கேட்டது என்னவென்றால், ஒரு கூடை முட்டையை ஏற்றிக்கொண்டு உழுத வயலைக் கடந்தால் ஒன்றுகூட உடையக்கூடாது. அதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் பின் சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் ஒன்றோடொன்று இணைத்தார்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போதே அந்த அசைவில் ஒரு பங்கு பின்பக்கத்துக்கும் போய்விடும். வண்டி மூக்கைத் தூக்கிக் குதிக்காமல் மிதந்து போகும்.

தொடக்கத்தில் இருந்த எஞ்சின் 375 சிசி, 9 குதிரைத்திறன். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் ஒழுக ரேடியேட்டர் இல்லை, கெட்டுப்போகத் தண்ணீர் பம்ப் இல்லை. தொடக்ககால வண்டிகளில் கண்ணாடி வைப்பர், வேகமானியின் கேபிளிலிருந்தே சுழற்சியை வாங்கிக்கொண்டது. வண்டி மெதுவாகப் போனால் வைப்பரும் மெதுவாகத் துடைக்கும்! மழையில் ஏற்றம் ஏறுகிறவருக்கு அது சிரமம்தான். ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒவ்வொரு திருகாணிக்கும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதே என்னை வணங்க வைக்கிறது. இன்றைய மோதல் பாதுகாப்பை அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. வேகமான சாலையில் தினமும் ஓட்டுவதற்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபியட் மல்டிப்ளா உண்மையிலேயே அழகாக இருக்கிறது என்கிறீர்களா?

என் கண்ணுக்கு அழகுதான். 1998இல் வந்த முதல் வடிவத்தைச் சொல்கிறேன், முன்கண்ணாடிக்குக் கீழே மடிப்பு விழுந்து, அந்த மடிப்பில் இன்னொரு ஜோடி விளக்கு உட்கார்ந்திருக்குமே, அது. கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் 1999இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கார்க் கண்காட்சியில் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

ஒருமுறை உள்ளே ஏறி உட்கார்ந்து பாருங்கள். முன்னால் மூன்று இருக்கை, பின்னால் மூன்று இருக்கை. ஆறு பேர் உட்கார்ந்த பிறகும் டிக்கி மிச்சமிருக்கிறது. நீளமோ 4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மூன்றாவது வரிசையைக் கடைசியில் திணித்து, அங்கே உட்காருகிறவரின் முழங்காலைத் தாடையில் இடிக்க விடும் ஏழு இருக்கைக் கார்களைவிட இது எவ்வளவோ மனிதத்தன்மையுள்ள தீர்வு. முன்னால் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வரும் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியின் முகத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசத் தேவையில்லை. 2004இல் அந்த மடிப்பை எடுத்துவிட்டுச் சாதாரண முகம் கொடுத்தார்கள். எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நடைமுறைக்கு உகந்த கார் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிக்கியின் லிட்டர் கணக்கை முதலில் பார்க்காதீர்கள். நான் பார்ப்பவை வேறு. டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கனமான பெட்டியை இடுப்புக்கு மேலே தூக்க வேண்டுமா, முழங்கால் உயரத்தில் வைத்துத் தள்ளிவிடலாமா? பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது? வயதானவர் ஒருவர் குனியாமலும் ஏறாமலும் பக்கவாட்டில் அப்படியே உட்கார முடிகிறதா? பின் இருக்கையை மடித்தால் தரை சமமாகிறதா, படிக்கட்டுபோல் நிற்கிறதா?

இந்தத் தேர்வில் எனக்குத் தெரிந்து முதல் மதிப்பெண் வாங்குவது 2001இல் வந்த ஹோண்டா ஜாஸ். சில நாடுகளில் ஃபிட் என்ற பெயர். எல்லாரும் பெட்ரோல் டேங்கைப் பின் இருக்கைக்குக் கீழே வைத்தபோது இவர்கள் அதை முன் இருக்கைகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தால் பின் இருக்கைக்குக் கீழே வெற்றிடம் கிடைத்தது. இருக்கையின் சாய்வை முன்னால் மடித்தால் அது பள்ளத்தில் அமிழ்ந்து தரை சமமாகும். உட்காரும் பகுதியை மட்டும் மேலே தூக்கினால், தரையிலிருந்து கூரைவரை நிமிர்ந்த இடம் கிடைக்கும். தொட்டியோடு நிற்கிற செடி ஒன்றை அந்த இடத்தில் நிற்க வைத்து ஓட்டி வந்திருக்கிறேன். ஒரு தளிர்கூட ஒடியவில்லை. அதே செடியைப் பெரிய செடான் ஒன்றில் ஏற்ற முயன்றால் படுக்க வைத்து, மண்ணைக் கொட்டி, கிளையை முறிக்க வேண்டியிருக்கும்.

எஸ்யூவி வாங்கலாமா?

மண் பாதையிலோ பனியிலோ அடிக்கடி போகிறவர் வாங்கட்டும். அப்படிப்பட்டவருக்கு 1970இலிருந்து வந்துகொண்டிருக்கும் சுசுகி ஜிம்னியின் எடை குறைவே பெரிய பலம்; கனத்த வண்டி புதையும் இடத்தில் அது நழுவி வெளியே வந்துவிடும். மற்றவர்கள் கேட்பது உயரமான இருக்கையைத்தான். அது உயரமான சிறு கார்களிலும் கிடைக்கும், டயருக்கும் பிரேக்குக்கும் சுமையும் குறையும்.

ரொம்பச் சின்னக் கார் குடும்பத்துக்குப் போதுமா?

ஜப்பானின் கெய் கார்களைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்நாட்டுச் சட்டப்படி கெய் கார் 3.4 மீட்டர் நீளத்தையும் 1.48 மீட்டர் அகலத்தையும் தாண்டக்கூடாது, எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் இப்படி இறுக்கிப் பிடித்த சட்டம் உயரத்துக்கு 2 மீட்டர்வரை விட்டுக்கொடுத்தது. 1993இல் வந்த சுசுகி வேகன் ஆர் அதைப் பிடித்துக்கொண்டது. மனிதரை நாற்காலியில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார வைத்தால் கால் நீட்டும் இடம் குறைவாகவே தேவைப்படும். இந்த எளிய உண்மையை ஒரு காராகச் செய்துவிட்டார்கள்.

2008இல் வந்த டொயோட்டா ஐக்யூ இன்னும் துணிச்சலானது. நீளம் 2.985 மீட்டர். எஞ்சினின் விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை எஞ்சினுக்கு முன்னால் நகர்த்தி, எரிபொருள் டேங்கைத் தட்டைபோல் ஆக்கித் தரைக்கு அடியில் வைத்து, அவ்வளவு சிறிய உடலுக்குள் மூன்று பெரியவர்களையும் ஒரு குழந்தையையும் உட்கார வைத்தார்கள். ஆனால் அப்போது டிக்கி என்று ஒன்று இருக்காது. இரண்டு பேருக்கு அருமையான வண்டி. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஜாஸ் மாதிரி ஒன்றே நல்லது.

கைமாறிய வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பானெட்டின் மீது உள்ளங்கையை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும்.

இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். காலையில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். பானெட் இளஞ்சூடாக இருந்தது. "இப்போதுதான் இடம் மாற்றி நிறுத்தினேன்" என்றார் விற்றவர். எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது, சத்தம் பட்டுப்போல் இருந்தது, வாங்கிவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் கிளப்பினால் சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. ஒவ்வொரு காலையும் இதே கதை. எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு தண்டுகளின் சீல் தேய்ந்து, இரவு முழுக்க எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே சூடேறிய எஞ்சினில் அது தெரிய வாய்ப்பே இல்லை. அவர் எனக்கு முன்பே ஒருமுறை எஞ்சினைக் கிளப்பிப் புகையை விரட்டிவிட்டிருந்தார். அன்றிலிருந்து, சூடான பானெட்டைத் தொட்டால் "நாளைக் காலை வருகிறேன், தொடாமல் வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

புகையின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி இயல்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்த்தியான வெண்புகை இனிப்பு வாசனையோடு வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது, எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். வெண்ணெய் தடவியதுபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் இப்படி வரும் என்பதால், உடனே கூலன்ட் தொட்டியையும் பார்த்து, அங்கேயும் எண்ணெய் மிதக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

பிறகு உடல். பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் கதவுகளின் மேல் வழுக்கிப் போவதைப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் அந்த வெளிச்சம் நெளியும். பானெட்டின் கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ரப்பர் விளிம்புகளில் பெயின்ட் தூவல் ஒட்டியிருந்தாலும் அதே கேள்விதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரும் நான்கு வேறு பிராண்டாக இருந்தால், அந்த வண்டியைக் கடைசிவரை யாரோ ஒப்பேற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஓடோமீட்டரை நம்பலாமா?

எண்ணைவிடப் பெடலின் ரப்பரை நம்புங்கள். 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் மொழுமொழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. சர்வீஸ் ரசீதுகளில் தேதிவாரியாக எழுதப்பட்ட கிலோமீட்டர்தான் சரியான சாட்சி.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படி அடையாளம் காண்பது?

கழுவித் துடைத்து வாசனை அடித்திருப்பார்கள். அதனால் யாரும் துடைக்காத இடங்களுக்குப் போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுக் குழிக்குள் விரலால் தடவுங்கள். நுண்ணிய வண்டல் ஒட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் அதற்குமேல் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொட மாட்டேன்.

விசித்திரமான காரைப் பழையதாக வாங்குவது ஆபத்தில்லையா?

எந்தப் பகுதி விசித்திரம் என்பதைப் பொறுத்தது. உடல் மட்டும் விசித்திரமாக இருந்து உள்ளே சாதாரண எந்திரம் இருந்தால் தைரியமாக வாங்கலாம். 1991இல் சுமார் 20,000 மட்டுமே தயாரித்த நிஸான் ஃபிகாரோ அப்படிப்பட்டது. பார்வைக்கு 1950களின் பொம்மைபோல் இருக்கும், அடியில் இருப்பது நிஸான் மைக்ராவின் எந்திரம். பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. கதவின் குரோம் பட்டைக்குத்தான் அலைய வேண்டும்.

எந்திரமே விசித்திரமாக இருந்தால் கவனம் தேவை. 1967இல் வந்த என்எஸ்யூ ரோ 80, மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுழலும் ரோட்டரி எஞ்சினோடு வந்து 1968ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருதை வாங்கியது. வடிவம் இன்றும் புதிதாகத் தெரிகிறது. ஆனால் சுழலியின் முனையில் இருக்கும் சீல்கள் சீக்கிரம் தேய்ந்து, உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் தளர்ந்துபோனது. வெறுத்துப்போன சிலர் அதில் ஃபோர்டின் வி4 எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. ரோட்டரிதான் வேண்டும் என்றால் மஸ்டா ஆர்எக்ஸ்-8 பாருங்கள். ஆனால் ரோட்டரிக்கு உரிய கருவியால் கம்ப்ரஷனை, அதாவது எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தை, அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சூடாக இருக்கும்போது அணைத்து மறுபடி கிளப்புங்கள், அப்போது தயங்கினால் வேண்டாம். அது எண்ணெய் குடிக்கிறது என்று புகார் சொல்கிறார்கள். சீல்களுக்காக எண்ணெயைத் தானே உள்ளே தெளித்துக்கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஊற்றத் தயங்குகிறவர் அதை வாங்கக்கூடாது.

சித்ரோயனின் ஹைட்ரோநியூமாட்டிக் சஸ்பென்ஷனைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் இருக்கும், அவ்வளவுதான். கிளப்பியதும் வண்டி மெல்ல எழுந்து நிற்க வேண்டும். மூலையை அழுத்தினால் இதமாக அமிழ வேண்டும். கல்போல் இருந்தால் உருண்டையில் வாயு தீர்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும். நான் பயப்படுவது தவறான திரவத்துக்குத்தான். தொடக்ககால டிஎஸ் கார்களுக்குச் சிவப்புத் திரவம், பிற்காலத்தவற்றுக்குப் பச்சை. மாற்றி ஊற்றினால் சீல்கள் எல்லாம் அழிந்துவிடும். முந்தைய உரிமையாளருக்கு இது தெரிந்திருந்ததா என்பதைப் பேச்சுக் கொடுத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பழைய டீசல் வாங்கலாமா?

நீண்ட தூரம் ஓட்டுகிறவர் வாங்கலாம். தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் போய்வருகிறவர் வேண்டாம். புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். குறுகிய பயணத்தில் அது கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

பழைய ஹைபிரிட், பழைய மின்கார்?

இரண்டும் ஒன்றல்ல. 1997இல் தொடங்கிய டொயோட்டா பிரியஸ் வரிசையைப் பார்த்து மெக்கானிக்குகள் முதலில் மிரண்டார்கள். கியர் பெட்டியைத் திறந்து பார்த்தால் தேய்வதற்கு கிளட்ச் இல்லை, பட்டை இல்லை. கிரகப் பற்சக்கரங்களும் மோட்டார்களும்தான். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள துளை வழியாகப் போகிறது. அதில் தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகிச் சாகும். நான் முதலில் அந்தத் துளையில்தான் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

மின்காரில் பேட்டரியின் மிச்சக் கொள்ளளவுதான் எல்லாம். 2010இல் வந்த நிஸான் லீஃப் பேட்டரிக்கு என்று தனிக் குளிர்விப்பு இல்லாதது. வெப்பத்தில் கிடந்த வண்டி சீக்கிரம் தளரும். டேஷ்போர்டில் கொள்ளளவு 12 கட்டங்களாகத் தெரியும், எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். குறைந்தது எட்டு ஒன்பது கட்டம் இருந்து, உங்கள் தினசரிப் பயணம் குறைவாகவும் இருந்தால், அதைவிட அமைதியான பழைய கார் கிடைப்பது கடினம்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதிகம்?

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் 1966இல் வாங்கிய வால்வோ பி1800 காரை 2013இல் 30 லட்சம் மைல் வரை ஓட்டிவிட்டார். சுமார் 48 லட்சம் கிலோமீட்டர். எண்ணெயையும் வடிகட்டியையும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தார். அதனால் இரண்டு லட்சம் ஓடி ரசீதுக் கட்டோடு வரும் வண்டியையும், முப்பதாயிரம் மட்டும் ஓடி ஐந்தாண்டு அசையாமல் நின்ற வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் முன்னதன் சாவியைத்தான் கேட்பேன். நிற்கிற வண்டியில் ரப்பர் குழாய் வெடிக்கிறது, டேங்கில் துரு ஏறுகிறது, பிரேக் இறுகிப்போகிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்லாமல் ஆண்டுக் கணக்கும் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும்.

உங்களுக்கென்று ஒரு விசித்திரக் கார் வாங்குவதாக இருந்தால்?

ரெனோ 4தான். கியர் கம்பி டேஷ்போர்டிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தும் தள்ளியும் கியர் மாற்ற வேண்டும். இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்த இரண்டு வண்டிகளும் மேலே பளபளப்பாகத்தான் இருந்தன. அடியில் படுத்து, பின் முறுக்குக் கம்பிகள் சட்டத்தில் பொருந்தும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். இரண்டிலும் முனை உள்ளே போய்விட்டது. மூன்றாவது ஒன்றைப் பற்றித் தகவல் வந்திருக்கிறது. எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.